பத்தில் ஒரு பங்கு

ரேடியோவால் இயங்கும் கார் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, பிறந்தநாள் பரிசாக வந்து இரண்டே நாளில் சக்கரம் கழன்று பரணுக்குப் போய்ச்சேரும் பிளாஸ்டிக் பொம்மைதான். பந்தயப் பித்தர்கள் ஓட்டுவது வேறு இனம். பெரும்பாலும் அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குள் டிஃபரன்ஷியல் உண்டு. எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் உண்டு. முன்சக்கரங்களைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார் உண்டு. ஆனால் பொம்மைக்கும் இதற்கும் உள்ள மெய்யான வேற்றுமை வேகம் அன்று. உடைந்தால் உடைந்த பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதே. ஆம்பூரில் என் அக்காள் மகனையும் அவன் கூட்டாளிகளையும் இரண்டு ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். ஓட்டுவது பத்து நிமிடம். பிரித்துப் பூட்டுவது இரவு முழுவதும். பின்னதில்தான் அவர்களுக்கு ருசி அதிகமோ என்று தோன்றுகிறது.

இக்கார்களின் வரலாற்றில் ஷிசுவோகா என்ற ஜப்பானிய ஊருக்குத் தனி இடம் உண்டு. மரவேலைக்குப் பெயர்பெற்ற ஊர். தமியா நிறுவனம் அங்கே 1946இல் மரத்தொழிலாகத் தொடங்கியது. பின்னர் மரத்தாலான மாதிரிகள் செய்து, 1960 வாக்கில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1976இல் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி ரேடியோவில் ஓடவைத்தது. அதற்காக ஷுன்சாகு தமியா அசல் போர்ஷே 911 ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார் என்பது இத்துறையில் புகழ்பெற்ற கதை. (2025 ஜூலையில், தொண்ணூறு வயதில் அவர் காலமானார்.) மரம் அறுத்துப் பழகிய ஊர் விளையாட்டுச் சாமான் செய்யப் போனதைப் படித்தபோது எனக்கு ஆம்பூர்தான் நினைவுக்கு வந்தது. இங்கும் ஓர் ஊரே ஒரு கைத்தொழிலில் தேர்ந்திருக்கிறது. அந்தத் தேர்ச்சி எல்லாம் கடல் கடந்த கால்களுக்காக, வேறு யாருடைய பெயரோ பொறித்த ஷூக்களில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பந்தயம் நம் ஊர்கள் வரை வந்து சேர்ந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. முன்பெல்லாம் கட்டுப்பாட்டுக் கருவி 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் வேலை செய்தது. ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை முடுக்கினால் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் கார் ஆடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தன. பத்துப் பேர் ஒன்றாக நின்று ஓட்டலாம். இந்தியாவில் 2005இல் அந்த அலைவரிசைக்கு உரிம விலக்கும் கிடைத்தது. பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிந்தன. மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின் கார்களும் உண்டு. ஆனால் மெத்தனால் வைத்திருக்கவே உரிமம் வேண்டிய தமிழ்நாட்டில் மின்காரே உசிதம்.

பந்தயத்தளம் பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்ததை இன்னும் திருவிழாவைப் போல் சொல்லிக்கொள்கிறார்கள். மணல் மேடும் பள்ளமும் கோரைப்புதரும் காருக்கு வேண்டிய சோதனை அனைத்தையும் இலவசமாகத் தருகின்றன. தோல் கழிவால் இந்த ஆற்றுக்கு நேர்ந்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்பளித்திருக்கிறது. பையன்களுக்கு அது தெரியாமல் இல்லை. "தண்ணி வந்தா வேற இடம் பாத்துக்கலாம் மாமா" என்கிறான் மருமகன், வரட்டுமே என்ற தொனியில்.

ஒரு முறை என் கையிலும் கருவியைக் கொடுத்தார்கள். விலகிச் செல்லும் காருக்கு என் வலம்தான் வலம். திரும்பி என்னை நோக்கி வரும்போது அதன் வலம் எனக்கு இடம். சுலபமான உண்மைதான். மூளைக்கு விளங்கியது விரலுக்கு விளங்கக் கார் மூன்று முறை குப்புற விழ வேண்டியிருந்தது.

இவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை. பந்தயக் காரின் டயர் தனியாகவும் ரிம் தனியாகவும் வரும். நாமேதான் ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் சுழலும் வேகத்தில் டயர் உப்பிக் கழன்று பறந்துவிடும். மருமகனின் டயர்கள் வாராவாரம் பறந்துகொண்டிருந்தன. இவன் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தான். அச்சிலிருந்து ரப்பர் ஒட்டாமல் வருவதற்காகப் பூசும் பொருளின் வழவழப்பு அதில் இன்னும் இருக்கிறதென்றான். துடைத்தான், ஒட்டும் விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தான், மறுபடி துடைத்துக் காயவிட்டான், பிறகுதான் பசையைத் தொட்டான். "சோல் ஒட்டுறதும் இதுவும் ஒண்ணுதான்டா" என்றான். அதற்குப் பிறகு எல்லோருடைய டயர்களும் அவனிடமே போகின்றன.

அவனிடம் மட்டும் கார் இல்லை. சீனத்துச் சிறு கார்கள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. ஆனால் பந்தயத்துக்கு ஈடுகொடுக்கும் காருக்கு, பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் அவனுடைய ஒரு மாதச் சம்பளம் போதாது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று; 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்கும் நோக்கம் நியாயமானது, அதில் எனக்கு வழக்கில்லை. இந்த ரகக் கார்களைச் செய்ய ஆம்பூரில் யாராவது முன்வரும்வரை அந்த வரியை இவனைப் போன்றவர்கள்தாம் கட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது அவன் பிறர் உடைத்த பாகங்களைச் சேர்த்துத் தனக்கொரு கார் கூட்டிக்கொண்டிருக்கிறான். அடிச்சட்டம் மருமகன் விரிசல் விட்டு ஒதுக்கியது. முன்பக்க பம்பர், சோல் வெட்டிய பிறகு எஞ்சும் ஃபோம் துண்டு; கடையில் விற்பதைக் காட்டிலும் ஒழுங்காக வெட்டியிருக்கிறான். டயர்கள் நான்கும் ஒட்டித் தயார். மோட்டாருக்குத்தான் இன்னும் பணம் சேரவில்லை.