நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

"அவனும் மாத்திரைன்னுதான் சொன்னான், நீங்களும் மாத்திரைன்னுதான் சொல்றீங்க. அப்புறம் என்ன மேடம் வித்தியாசம்?"

மகனை அழைத்து வரும் அம்மாக்களில் பலர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். வடசென்னையில் ஓபியாய்டு (அபின் வகை) போதைக்கு மருந்து தரும் புறநோயாளிப் பிரிவு ஒன்றில் நான் கவுன்சலர். நோயாளியோடு பேசுவதுதான் என் வேலை என்று நியமன ஆணை சொல்கிறது. நடைமுறையில் நான் அதிகம் பேசுவது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோடும் அக்காவோடும், சில சமயம் கைக்குழந்தையோடு வரும் மனைவியோடும். மருந்தை டாக்டர் எழுதிவிடுவார். அது தொடருமா, மூன்றாம் வாரமே நின்றுபோகுமா என்பது பெரும்பாலும் வீட்டின் கையில் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்களிடம் வரும் பையன்கள் பலருக்கும் தொடக்கம் வலி மாத்திரை. டேபென்டடால், டிரமடால் எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகும் கடுமையான வலிக்கும் டாக்டர்கள் எழுதுபவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் கைமாறித் தெருவுக்கு வந்துவிடுகிறது. விழுங்கச் செய்த மாத்திரையை இவர்கள் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் மருந்தோடு கலந்திருக்கும் சேர்மானப் பொடி ரத்தத்தில் கரைவதில்லை. நரம்பு அடைபட்டு இறுகும், கை வீங்கும், சீழ் வைக்கும். சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டை, குளியலறையில் முக்கால் மணி நேரம், வலிப்பே வந்திராத பையனுக்குத் திடீரென்று ஒரு நாள் வலிப்பு (டிரமடால் அதைச் செய்யும்): இதெல்லாம் அப்போதே தெரிந்தும் அர்த்தம் புரியாமல் போனவை என்று வீட்டார் பிறகு சொல்வார்கள்.

அவமானம் வேறு. நம்ம குடும்பத்துக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழும் அம்மாவிடம் ஒரு கணக்கைச் சொல்வேன். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் இரண்டு கோடிக்கு மேல். அதில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கியவர்கள் சுமார் 77 லட்சம். இந்த எண்ணைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைந்துவிடுவதில்லை. ஆனால் அழுகை நின்று, "அவ்ளோ பேரா?" என்ற கேள்வி வரும். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அம்மாக்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. கடைசியாகப் போட்டு எட்டு பத்து மணி நேரத்தில் கொட்டாவி தொடங்கும். தூக்கத்துக்கான கொட்டாவி இல்லை, கண்ணில் நீர் வழிய ஒன்றன் மேல் ஒன்றாக வருவது. மூக்கு ஒழுகும். ஃபேனை நிறுத்தினாலும் கை முழுக்கப் புல்லரித்தபடியே இருக்கும். பேதி பிடுங்கும். கால் ஓரிடத்தில் நிற்காது. "எலும்புக்குள்ள குடையுது மேடம்" என்பான். விஷக் காய்ச்சல் என்று நினைத்து அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருப்பார். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் இது தணியும். இதனால் உயிர் போவது அபூர்வம். ஆனால் சில மாதம் பழகியவன் போதைக்காகப் போடுவதைவிட இந்த அவஸ்தை வராமலிருக்கப் போடுவதே அதிகம். மனைவிகள் இதைச் சுலபத்தில் நம்ப மாட்டார்கள். ஏமாந்து ஏமாந்து வந்தவர்கள், நம்பச் சொல்லி நான் வற்புறுத்துவதும் இல்லை.

எங்கள் மாத்திரையின் பெயர் பியூப்ரினார்ஃபின். முதல் நாள் அந்த அவஸ்தை நன்றாகத் தொடங்கிய பிறகுதான் கொடுப்போம். உடம்பில் பழைய சரக்கு இருக்கும்போது கொடுத்தால், அதைப் பிடித்துத் தள்ளிவிட்டு இது போய் உட்காரும். அவஸ்தை பத்து மடங்காகும். "கொட்டாவி விட ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க" என்றால் அம்மாக்களுக்குப் புரிந்துவிடுகிறது.

பிறகு தினமும் காலையில் வரிசை. நர்ஸ் அக்கா மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார். விழுங்கினால் பயனில்லை, வாயிலேயே கரைய வேண்டும். பையன் எதிரிலிருக்கும் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அவனால் பேச முடியாது, அம்மா பேசுவார். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தான், சாப்பிட்டானா, யார் போன் பண்ணினார்கள் என்று அவன் எதிரிலேயே எல்லாம் வரும். அவன் கண்ணாலேயே மறுப்பான். எனக்கு இந்த நிமிடங்கள் பிடிக்கும். வீட்டில் இருவரும் சண்டையில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து பல மாதம் ஆகியிருக்கும். கடைசியில் நர்ஸ் அக்கா, "நாக்கைத் தூக்குப்பா" என்று சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒளித்து வைத்து வெளியே விற்பதும் நடக்கிற காரியம்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் மாதிரி என்று விளக்கச் சொல்லிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. சர்க்கரைக்காரர் அண்டாவைத் திருடி விற்றதில்லை என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார், நியாயம்தானே? அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆமாம், இதுவும் ஓபியாய்டுதான். ஆனால் தெருவில் வாங்கியது நரம்பில் ஏறியதும் உச்சிக்குப் போய் சில மணி நேரத்தில் கீழே விழும். விழும்போது பணம் தேட வேண்டும், திருட வேண்டும், பொய் சொல்ல வேண்டும். இது மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேல் ஒரே மட்டத்தில் நிற்கும். கிறக்கமும் இல்லை, விழுவதும் இல்லை. இன்னொன்று, அளவு கூடினாலும் மூச்சை அடக்கும் வேகம் ஒரு எல்லையோடு நின்றுவிடும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மட்டும் அந்தக் காப்பு போய்விடும். அதைத் தனியாக, இரண்டு முறை சொல்வேன்.

பிரான்ஸில் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இந்த மருந்தை எழுதலாம் என்று அனுமதித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அளவு மீறிச் சாவது ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2017-ல் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வொன்று, இதைச் சாப்பிடும் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.3 மரணம், நிறுத்திய காலத்தில் 9.5 என்று காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், "முழுசா விட்டாதான் விட்ட மாதிரி" என்று வாதாடும் மாமாக்களை வாரத்துக்கு ஒருவராவது சந்திக்கிறேன்.

மாமாக்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஊரிலிருந்து மாமாவை வரவழைத்து, எல்லாரும் கூடி நடுவில் பையனை நிறுத்தி நாலு கேள்வி கேட்டு, குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கி, முடிந்தால் நாலு அடியும் போடுவது நம் வழக்கம். அமெரிக்காவிலும் இதற்கு ஈடான ஒன்று இருந்தது, அடி மட்டும் இல்லை. நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களின் குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு கூடி நின்று கேட்பது, ஒரு பிரிவு ஒதுங்கித் தன் மனதைப் பார்த்துக்கொள்வது. மூன்றாவது பிரிவுக்கு ஆளோடு எப்படிப் பேசுவது, எப்போது விலகுவது, அவன் தெளிவாக இருக்கும் நேரத்தை எப்படி நல்ல நேரமாக்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1999-ல் வந்த முடிவின்படி, மூன்றாம் பிரிவில் 64 சதவீதம் பேரின் ஆள் சிகிச்சைக்கு வந்துவிட்டார். கூடி நின்று கேட்டவர்களில் 30, ஒதுங்கியவர்களில் 13.

சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், வேறு அறைக்குப் போய்விடலாம். தெளிவாக இருக்கும் காலையில் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்து, பழையதை இழுக்காமல் சாப்பிட விடலாம். கண் கலங்கி, "என்னால முடியலம்மா" என்று அவனே சொல்லும் ஒரு கணம் வரும். அப்போது எங்கே போவது, யாரைக் கேட்பது என்பது அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணம் அரை மணி நேரம்கூட நிற்காது. ஆகவே 14446 என்ற போதை ஒழிப்பு உதவி எண்ணைக் காலண்டரில் எழுதி மாட்டச் சொல்கிறேன்.

பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. நடுங்குகிறான் என்று இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்த அம்மாவைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை. சாப்பாடு உண்டு, பஸ் கட்டணத்தை நானே வந்து கட்டுவேன், ரொக்கம் மட்டும் கையில் இல்லை என்று மெதுவாக ஒரு கோட்டுக்கு வரச் சொல்வேன். அவன் வாங்கிய கடனைக் கேட்டு வருபவரிடமும் இப்படி ஒரு கோடு வேண்டும். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனைக்கு மட்டும் நான் தாட்சண்யமே பார்ப்பதில்லை, முகத்துக்கு நேரே கூடாது என்று சொல்லிவிடுவேன்.

அடைத்து வைக்கும் மையங்களைப் பற்றியும் கேட்பார்கள். இரவில் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் இடங்கள் உண்டு. சங்கிலி போடுவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001-ல் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நம் மாநிலம் மறக்கக் கூடாது. உரிமம் சுவரில் இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, நீங்கள் நினைத்தபோது பார்க்க விடுவார்களா என்று இந்த மூன்றைக் கேளுங்கள், போதும். போலீஸ் பயம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

நான் எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படுவது பையன் நன்றாக ஆகி வீடு திரும்பும் நாளைத்தான். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வருகிறான், அல்லது ஒரு மண்டலம் மாலை போட்டு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறான். குடிகாரருக்கு மாலை பல வீடுகளில் உண்மையாகவே உதவியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓபியாய்டில் இந்த இடைவெளிக்குள் உடம்பு தன் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மனம் மட்டும் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். மூன்று மாதம் முன்பு வாடிக்கையாகப் போட்ட அதே அளவை ஒரே ஒரு தரம் என்று போடுகிறான். வீட்டார் பாயாசம் வைத்துக் கொண்டாடிய அதே வாரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆகவே, "விட்டுட்டான், இனி மாத்திரை எதுக்கு" என்று யாராவது சொன்னால் எழுந்துபோக விடாமல் உட்காரவைப்பேன்.

அதே மூச்சில் இதையும் சொல்லிக்கொடுப்பேன். பையன் வழக்கத்துக்கு மாறாகக் கனமாகக் குறட்டை விட்டு, உலுக்கினாலும் எழாமல், உதடும் நகமும் நீலம் பூத்து, கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தால் அது தூக்கம் இல்லை. தூங்கட்டும் என்று கதவைச் சாத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன போட்டான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நின்றுபோனால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நாடித் துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும், எப்படி என்று 108-லேயே சொல்வார்கள். அளவு மீறிய ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் மருந்து அமெரிக்காவில் 2023-லிருந்து சீட்டில்லாமல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. இங்கே பெரும்பாலும் அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும் என்று போகிற கூட்டத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும் என்பது கடைசியாக வரும் கேள்வி. சிலருக்கு ஒரு வருடம், சிலருக்குப் பல வருடம். வேலை நிலைத்து, பழைய கூட்டம் விலகி, தூக்கம் சீரான பிறகு டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். குறைக்கும்போது தடுமாறினால் மறுபடி ஏற்றுவார். நடுவில் ஒரு நாள் மறுபடி போட்டுவிட்டான் என்றால் மறுநாள் காலையிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எட்டு மணிக்குத் திறப்போம். வெளியே வைத்து விசாரிக்க வேண்டாம், வழியில் பேசவும் வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வாருங்கள். எத்தனை மாத்திரை போட்டான் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.