செத்தபிறகு வந்து சேர்ந்தவரோட ஊர்

பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவுல மாக் சங்க் ஏரின்னு ஒண்ணு. அதன் கரையில கூடாரம் போட்டு ரெண்டு நாளாச்சு. இன்னிக்கு கார் வேணாம், நிதானமா ஊருக்குள்ள நடந்தே போவோம்னு ரங்கமணி சொல்லிட்டார். சரின்னு கிளம்பியாச்சு.

நடக்குற பாதையே ஒரு பழைய ரயில்பாதைதான். 1827-ல் நிலக்கரி கொண்டுவரப் போட்டது. எஞ்சினே கிடையாதுங்க! கரி வண்டிகள் சரிவுல தானா உருண்டு வரும். காலி வண்டியை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அதுங்க இறங்கும்போது மட்டும் வண்டியிலயே சவாரி. கொடுத்து வச்ச கழுதைங்க :-)

ஊர் அழகோ அழகு. லீஹை ஆறு, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல ஒட்டி ஒட்டிக் கல்வீடுகள். மேட்டுல ரயில்வே முதலாளி ஏசா பேக்கரோட மாளிகை. ஆனா எனக்கு மனசுல நின்னது ஊரோட பேருதாங்க. ஜிம் தோர்ப்!

ஆமாம், அந்த ஓட்டக்காரர்தான். சாக் அண்டு ஃபாக்ஸ் பழங்குடியில பிறந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டாத்லான், டெகாத்லான் ரெண்டுலயும் தங்கம். முன்னாடி காசு வாங்கிட்டு பேஸ்பால் ஆடினார்னு மறுவருஷமே பறிச்சுட்டாங்க. 1982-ல் திருப்பித் தர முடிவு பண்ணினப்பவும் 'கூட்டு வெற்றியாளர்'னுதான். அவர் ஒருத்தரே முதலிடம்னு ஒத்துக்க 2022 ஆயிருச்சு.

இந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம்! 1953-ல் இறந்தார். பிறந்த ஓக்லஹோமாவுல சடங்கு நடந்துகிட்டிருந்தப்பவே மூணாவது மனைவி உடலை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நிலக்கரி போய் நொடிஞ்சு கிடந்த ரெண்டு ஊர்கள், நாங்க ஒண்ணாச் சேர்ந்து அவர் பேரையே வச்சுக்கறோம்னு வாங்கிக்கிச்சு. அது 1954. அதுவரைக்கும் ஊர்ப்பேர் மாக் சங்க். லெனாப்பே மொழியில கரடி மலைன்னு அர்த்தம். ஒரு பழங்குடிக்காரரைக் கௌரவிக்க இன்னொரு பழங்குடிப் பேரை அழிச்சிருக்காங்க, பாருங்க!

சமாதி ஆத்துக்கு அந்தப்பக்கம், மேட்டுல. சிவப்புக் கல். சுத்தி சிலைகள். நல்லாத்தான் வச்சிருக்காங்க, குறை சொல்ல முடியாது. ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும் கொண்டுவந்து போட்டிருக்காங்களாம். மண்ணை இங்கே கொண்டுவந்ததுக்கு மனுஷனை அங்கே அனுப்பியிருக்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு.

"கேட்டாங்களே, கிடைக்கலையே"ன்னார் ரங்கமணி. வாஸ்தவம்தான். அப்பாவை எங்க மண்ணுல அடக்கம் பண்ணணும்னு 2010-ல் ஒரு மகன் வழக்குப் போட்டார். தீர்ப்பு வர்றதுக்குள்ள அவரே போயிட்டார். மத்த மகன்கள் நடத்தி 2013-ல் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே மேல்கோர்ட் மாத்திருச்சு. 2015-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்துக்கவே இல்லை.

செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னோம். பின்னாடி வந்த ஒரு குடும்பம் எங்க காலையே பார்த்துட்டுப் போச்சு.