வழிகாட்டி "திரும்பலாம்" என்றால்...

ஓசூரில் வார இறுதி என்றால் இரண்டே வேலைதான் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒன்று ஓவர்டைம், இன்னொன்று பெங்களூர். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ட்ரெக்கிங்! சனிக்கிழமை விடியலில் முதல் ஷிஃப்ட் பேருந்துகளுக்கு நடுவே முதுகில் பெரிய பையும் காலில் புது ஷூவுமாக நாலு பேர் தேன்கனிக்கோட்டை பக்கம் வண்டி தேடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

அவர்கள் தேடிப் போவது மேலகிரி மலைகளை. ஓசூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இந்த மலைகள் தூரத்திலிருந்து பெரிதாகத் தெரியாது. மேட்டில் நின்றுகொண்டு மேட்டைப் பார்ப்பது மாதிரி. அதிலே உயர்ந்து நிற்கும் குத்திராயன் சிகரம் 4,000 அடிக்கு மேல். ஊட்டியின் தொட்டபெட்டாவுக்கு (2,637 மீட்டர்) முன்னால் இது சின்னப்பிள்ளைதான். ஆனால் முள்ளும் மூங்கிலும் பாறையும் மாறி மாறி வரும் காட்டில், வெயிலில், ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும் என்றால் முழங்காலுக்கு உயரக் கணக்கெல்லாம் தெரியாது.

இந்தக் காட்டுக்கு வடமேற்கே ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் ஜவளகிரி. கர்நாடக எல்லையை ஒட்டிய சின்ன ஊர். வாசல் என்றது மனிதர்களுக்கு அல்ல. பன்னேர்கட்டா காடுகளில் இருந்து ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடியும் சமயத்தில் யானைக்கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. சரியாக ராகி கதிர் முற்றும் நேரம்! அங்கிருந்து நொகனூர், சானமாவு என்று ஓசூரின் விளிம்பு வரைக்கும் வந்துவிடும். காலண்டர் இல்லாமலே அவற்றுக்குத் தேதி தெரியும். 2014-ல் இந்தக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டரைக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். ஆக, இஷ்டத்துக்கு உள்ளே நுழைந்து நடக்க முடியாது. அனுமதி வேண்டும், கூடவே ஆள் வேண்டும்.

இந்த 'கூடவே ஆள்' விஷயம்தான் பேச வேண்டியது.

மலையேறப் போகிறவர்களில் பலர் வழிகாட்டியை ஏதோ டிக்கெட்டோடு இலவசமாக வரும் பொருள் மாதிரி நினைக்கிறார்கள். "பாதைதான் போன்லயே இருக்கே, அப்புறம் எதுக்கு ஆளு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. போனில் பாதை இருக்கும், சரி. அந்தப் பாதையில் இன்றைக்குக் காலையில் யார் நடந்து போனார்கள் என்பது இருக்குமா? லத்தி (யானைச் சாணம்தான்) சூடாக இருக்கிறதா, ஆறிப்போனதா, ஒடித்த மூங்கிலில் ஈரம் காய்ந்துவிட்டதா, காற்று நம்மிடமிருந்து புதரை நோக்கி அடிக்கிறதா, புதரிலிருந்து நம் பக்கம் அடிக்கிறதா... இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். யானைக்குக் கண்பார்வை சுமார்தான், மூக்கு அபாரம். பன்னிரண்டு பேர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தபடி வந்தால், நாம் அதைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடும்.

ஜவளகிரி என்ற பெயரை வெளியுலகத்துக்குக் கொண்டுபோன கென்னத் ஆண்டர்சனுக்கு இது நன்றாகத் தெரியும். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர், எழுத்தாளர். 1954-ல் வந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றியதுதான். துப்பாக்கி அவருடையது. ஆனால் தடம் பார்த்துச் சொன்னவர்கள் இந்தக் காட்டு மனிதர்கள். பைரா என்ற பழங்குடி நண்பரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், யார் யாரை அழைத்துப் போனார்கள் என்பது புரியும்.

சரி, இப்போது ஒரு கசப்பான விஷயம். வேறு மலை, வேறு மாவட்டம். ஆனால் அதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் மலையேற்றம் பற்றிப் பேசவே முடியாது.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். பெரும்பாலானோர் இளைஞர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொழுக்குமலை உலகத்தின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போய்விடலாம். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நடந்து ஏறுவது மூச்சு முட்டும் வேலை. ஏறினார்கள், இரவு மேலே தங்கினார்கள். மறுநாள் இறங்கும்போது காய்ந்த புல்சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அன்றே ஒன்பது பேர் இறந்தார்கள். பிறகு மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக... எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அந்தச் சமயம் எல்லோரும் கேட்டது, "ஏன் ஓடித் தப்பிக்க முடியவில்லை?" சமதளத்தில் தீயைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. சரிவில் தீ வேறு மாதிரி. சுடர் மேல்நோக்கிச் சாய்வதால் அடுத்து இருக்கும் புல்லைத் தொடும் முன்பே காய வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. பகலில் வெயில் சூட்டில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலேதான் ஏறும். ஆக, மேல்நோக்கி ஓடுகிறவன் தீயோடு பந்தயம் ஓடுகிறான். அவன் களைப்பான், தீ களைக்காது. இப்படிப்பட்ட நேரத்தில் ஏற்கனவே எரிந்து கருகிய நிலமோ, புல்லே இல்லாத பாறையோதான் ஓரளவு பாதுகாப்பு. இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? கீழே புகை தெரிந்த அன்று அந்த இறக்கத்தில் இறங்கலாமா கூடாதா என்று யார் முடிவெடுத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் அரசு 2018-லேயே மலையேற்றத்தை முறைப்படுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். அந்த நாற்பதில் நம்ம குத்திராயனும் உண்டு. வழிகாட்டிகள் பெரும்பாலும் மலைவாழ் மக்கள், காட்டோரக் கிராமத்து இளைஞர்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் விதி போட்டுவிட்டால் மட்டும் போதுமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருப்பவர் ஒருவர், காசு கட்டி, லீவு போட்டு, இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கிறார். முன்னால் நடப்பவர் இருபத்தி மூன்று வயது இளைஞர், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர். உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. அந்த இளைஞர் நிற்கிறார், காற்றை மோந்து பார்க்கிறார், "இதுக்கு மேல வேணாம் சார், திரும்பலாம்" என்கிறார். என்ன நடக்கும்? "தம்பி, இவ்ளோ தூரம் வந்துட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே!" என்று ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இன்னொருத்தர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் அந்தத் தம்பிக்கு வந்துவிட்டால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

இங்கேதான் உயிர் போகிற இடம் இருக்கிறது. வழி தெரியாததால் மட்டும் விபத்துகள் நடப்பதில்லை. ஆபத்து என்று தெரிந்த ஒருவரின் பேச்சு செல்லாமல் போவதாலும் நடக்கும். உச்சியைத் தொட்டால்தான் வழிகாட்டிக்கு நல்ல பெயர், டிப்ஸ் என்று வைத்தால் அவர் உச்சிக்குத்தான் அழைத்துப் போவார், ஆபத்து இருந்தாலும். அன்றைய நாளுக்குச் சம்பளம், பாதியில் திரும்பினாலும் அதே சம்பளம், அவர் முடிவை எதிர்த்து யாரும் பேசக்கூடாது... இதைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் கேப்டனோடு யாரும் பேரம் பேசுவதில்லையே!

இந்தப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு, மொழி. மேலகிரிக் கிராமங்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும். 'பெட்டா' என்றால் கன்னடத்தில் மலை, பெட்டமுகிலாளம் என்ற ஊர்ப் பெயரே சாட்சி. அவசரத்தில் மனிதனுக்கு அவனவன் வீட்டு மொழிதான் வாயில் வரும். "ஆனெ!" என்று அவர் கத்தினால், சென்னைக்காரர் "என்னது?" என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. ஏறும் முன்பே நாலு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளலாம். 'நில்லி' என்றால் நில்லுங்கள். அதுதான் முக்கியமானது.

அப்புறம் ஒன்று. ராகி முற்றும் மாதங்களில் ஜவளகிரி சுற்று வட்டாரத்தில் இரவில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பரண் மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டும் வெடி போட்டுக்கொண்டும் யானையை விரட்டும் வீடுகள் அவை. காலை ஆறு மணிக்கு உங்களுக்காகக் காத்து நிற்கும் வழிகாட்டியும் அப்படி ஒரு பரணிலிருந்து நேராக இறங்கி வந்தவராக இருக்கலாம். முதலில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று கேளுங்கள்.