பர்கரும் காப்பி டிகாக்ஷனும்

பிள்ளைகள் வெளியில் வாங்கி உண்ணும் பண்டங்களைப் பற்றிக் குறை கூறாத பெற்றோர் குகட்பள்ளித் தமிழ் இல்லங்களில் அரியர். விலை அதிகம், உப்பு அதிகம், எண்ணெய் எத்தகையதோ என்று குறைகள் பல. ஆயினும் எங்கள் மனத்தை வருத்தியது வேறொன்று. ஞாயிறு இரவில், புலால் உண்ணாத எங்கள் தாயார் ஏழு மணிக்கே தனியே அமர்ந்து இரண்டு இட்டிலியுடன் உணவை முடித்துக்கொள்வார். பிள்ளைகளோ பத்து மணிக்கு வரும் அட்டைப் பெட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வர். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் இருந்தும் வீட்டில் பந்தி என்பது இல்லை. பாட்டியின் தமிழ் பேரப்பிள்ளைகளின் காதில் விழுவது வரவரக் குறைந்துகொண்டே வந்தது.

அப்பெட்டியில் வந்தது 'ஐரிஷ் பப் பர்கர்' என்னும் பண்டம். அதனை வீட்டிலேயே செய்வதெனத் தீர்மானித்து, அதன் வரலாற்றை முதலில் விசாரித்தோம். பர்கர் அயர்லாந்தில் பிறந்ததன்று. பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்தது. ரொட்டிக்கிடையே இறைச்சியை வைத்து உண்ணும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 'பப்' என்பதோ பொதுவில்லம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அது மது விற்கும் இடமே. எனினும் அயர்லாந்துச் சிற்றூர்களில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசுவதும் பாடுவதும் அங்கேதான். நம் ஊரில் திண்ணை செய்த வேலையில் ஒரு பகுதியை அங்கே அது செய்கிறது.

அந்நாட்டு மக்களும் நம்மைப்போல் ஊர் பெயர்ந்தவர்களே. 1845-ஆம் ஆண்டில் தொடங்கிய நோயால் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் நேர்ந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். தமிழர் சென்ற ஊர்களில் மெஸ்ஸும் காப்பிக் கடையும் தோன்றியதுபோல, அவர்கள் குடியேறிய நகரங்களில் மதுக்கூடங்கள் தோன்றின. இதனை அறிந்தபின் அப்பண்டத்தின் மீது எங்களுக்கிருந்த அன்னிய உணர்வு சற்றே தணிந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். அயர்லாந்தில் மாட்டிறைச்சி கொண்டு செய்வர். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி. நாம் கொத்துக்கறி என்பதை இந்நகரில் கீமா என்பர். நால்வருக்கு 600 கிராம் போதும். கொழுப்பை முற்றும் அகற்ற வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கேனும் கொழுப்பு இராவிட்டால் கறி வறண்டுவிடும். ஐதராபாத்தின் சிகம்பூரிக் கபாபுக்குக் கறியைக் கடலைப்பருப்புடன் வேகவைத்து விழுதாக அரைப்பர். பர்கருக்கு அம்முறை ஆகாது. பச்சைக் கொத்துக்கறியை அழுத்திப் பிசையாமல், இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வட்டங்களாகப் பிடித்து, நடுவே கட்டைவிரலால் சிறு குழி இட வேண்டும். இல்லாவிடில் வேகும்போது நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். உப்பை முன்னதாகக் கலந்தால் இறைச்சியின் புரதம் கரைந்து இறுகி ரப்பர்போல் ஆகும். ஆகவே கல்லில் இடும் தருவாயில் மேலே தூவினாற் போதும். நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து நிமிடம் வேக வேண்டும். உட்புறம் சிவந்திருக்க உண்பது சிலர் வழக்கம், அது தகாது. இறைச்சியைக் கொத்தும்போது மேற்பரப்பிலுள்ள கிருமிகள் உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை அடைந்தாலன்றி அவை ஒழியா.

பர்கரின் உயிர் வெங்காயத்தில் இருக்கிறது. மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, வெண்ணெயில், சிறு தீயில் அரை மணி நேரம் வதக்க வேண்டும். பப்புகளில் இதனுடன் ஸ்டவுட் என்னும் கரிய பீரைச் சேர்ப்பதுண்டு. டப்ளின் நகரில் 1759-இல் தொடங்கிய கின்னஸ் இவ்வகையில் பெயர் பெற்றது. எங்கள் இல்லத்தில் மதுவுக்கு இடமில்லை. அதற்கு ஈடு யாது என்று யோசித்தோம். அப்பீருக்குக் கரிய நிறத்தையும் கசப்பையும் தருவது வறுத்த பார்லி. வறுத்த தானியத்தின் கசப்புக்கு வறுத்த காப்பிக்கொட்டையின் கசப்பு நெருங்கிய உறவன்றோ? முதல் டிகாக்ஷன் இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை வெல்லம், சில துளி வினிகர் ஆகியவற்றை வெங்காயத்தில் விட்டுச் சுண்டவைத்தோம். கடையில் வாங்கியதைவிட இதுவே மேல் என்று பிள்ளைகள் தீர்ப்புக் கூறினர். பேக்கரி பன்னை இரண்டாக வகிர்ந்து வெண்ணெயில் வாட்டி, கறியும் செடார் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் அடுக்கினால் பர்கர் ஆயிற்று.

தாயாருக்கு என்ன செய்வது? விடை அயர்லாந்திலேயே இருந்தது. அங்கே 'பாக்ஸ்டி' என்றொரு பலகாரம் உண்டு. துருவிப் பிழிந்த பச்சை உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்த கிழங்கும் சம அளவு எடுத்து, மைதாவும் மோரும் உப்பும் சேர்த்துக் கல்லில் சுடுவது. தாயாருக்கென்று தனிக் கல், தனிக் கரண்டி. ஒரு விள்ளல் உண்டு பார்த்து, "இது உருளைக்கிழங்கு அடைதானே! இதற்கா இத்தனை பெயர்?" என்றார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று எட்டு மணிக்கு ஐவரும் ஒன்றாய் அமர்கிறோம். மூத்தவன் கிழங்கு துருவுகிறான். இளையவள் வெங்காயத்தைக் கிளறுகிறாள். 'வகிர்தல்', 'சுண்டவைத்தல்' முதலிய சொற்கள் பாட்டியின் வாயிலிருந்து அவர்களிடம் போய்ச் சேருகின்றன. மற்ற ஞாயிறுகளில் அட்டைப் பெட்டி வரத்தான் செய்கிறது. அதனை நாங்கள் தடுக்கவில்லை. நேயர்களும் தத்தம் இல்லங்களில் செய்து பார்ப்பார்களாக. டிகாக்ஷன் மட்டும் முதல் இறக்கலாக இருத்தல் வேண்டும். இரண்டாவது இறக்கலில் அந்த மணம் வாராது.