இரண்டு கேட்டேன், பன்னிரண்டு வந்தது



2025ஆம் ஆண்டு ஜனவரியில் பள்ளித் தவணை முடிந்து நீண்ட விடுமுறை தொடங்கியதும், நான் மெக்சிகோ நாட்டிற்குச் சென்றிருந்தேன். "சுற்றுலாவா டீச்சர்?" என்று சக ஆசிரியர்கள் வியப்புடன் கேட்டனர். சுற்றுலா அன்று. கனடாவின் எட்மண்டன் நகரில் வாழும் என் மூத்த அக்காவும் அத்தானும் பணி ஓய்வு பெற்றபின், ஆண்டுதோறும் பனிக்காலத்து நான்கு மாதங்களை மசாத்லான் என்னும் பசிபிக் கடற்கரை நகரில் கழிக்கின்றனர். அத்தானின் மூட்டுவலிக்குக் குளிர் ஆகாது. அக்காவைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே போனேன்.

முதல் நான்கு நாள்கள் அக்காவின் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நகரின் நடுவில், பேராலயத்திற்கு அருகில், பினோ சுவாரெஸ் சந்தை இருக்கிறது. இரும்புத் தூண்கள் தாங்கும் பழைய கட்டடம். மீன், இறைச்சி, காய்கறி எல்லாம் கீழே. சாப்பாட்டுக் கடைகள் மேலே. இறாலுக்கு வேறொரு தெரு. அங்கே பெண்கள் குடைகளின் கீழ் வாளி வாளியாக இறாலை வைத்துக்கொண்டு விற்கின்றனர்.

காய்கறிக் கடையில் நம்மூர்ச் செங்குவாங்கைக் கண்டு நின்றுவிட்டேன். ரோஜாக்கில் போடும் அதே கிழங்குதான். அங்கே 'ஹிகாமா' என்கிறார்கள். நீளமாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் மிளகாய்த் தூளும் தூவித் தின்கிறார்கள். அதன் பிறப்பிடமே மெக்சிகோதானாம். நாம் 'சப்போட்டா' என்பதும் மலாய்க்காரர்கள் 'சீக்கு' என்பதும் அங்குள்ள 'சிக்கோசப்போத்தே' என்னும் ஒரே பெயரின் இரு துண்டுகள். மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. பதிலுக்கு நம் புளி அங்கே போய், சர்க்கரை சேர்த்த குளிர்பானமாகக் கண்ணாடிச் சாடிகளில் நிற்கிறது.

நண்பகல் உணவு இரண்டு மணிக்கு மேல்தான். சிறு உணவகங்களில் 'கொமீதா கொர்ரீதா' என்று, நம் வாழையிலைச் சாப்பாட்டைப் போல ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு தருகின்றனர். முதலில் சூப்பு. பிறகு சோறு, தனியாக! குழம்பு வரும் என்று நான் காத்திருந்தேன். சோற்றைத் தின்று முடித்தால்தான் அடுத்த தட்டு வரும் என்று அத்தான் சொன்ன பிறகே கரண்டியை எடுத்தேன். எழுந்து போகிறவர்கள், முன்பின் தெரியாத நம்மைப் பார்த்தும் 'ப்ரொவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போகின்றனர். சாப்பாடு உடலில் ஒட்டட்டும் என்ற வாழ்த்து. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அத்தானால் படியிறங்க முடியாது. குடிநீர் வண்டிக்காரனை நிறுத்தி இருபது லிட்டர் புட்டியை மாற்றுவது முதல் அனைத்தும் என் தலையில் விழுந்தன. எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியோ 'கிராசியாஸ்' என்ற ஒரே சொல்.

தெருமுனையில் தொர்த்தியாக் கடை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்த மாவை இயந்திரம் தட்டிச் சுட்டுத் தள்ளும். கிலோக் கணக்கில் தாளில் சுற்றித் தருவர். வரிசையில் எல்லாரும் என்னென்னவோ சொல்லி வாங்கினர். என் முறை வந்ததும் நான் விரலை நீட்டினேன். கடைக்காரம்மா சிரிக்கவுமில்லை, கேள்வி கேட்கவுமில்லை. "மேதியோ கீலோ" என்று அவரே சொல்லி அரைக் கிலோவை எடுத்துக் கொடுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் விரல்தான்.

பிப்ரவரி 2ஆம் நாள் அங்கே 'கந்தெலாரியா' திருநாள். வீட்டுக்கு வீடு தமால் உண்பர். சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, சோளத்தோகையில் பொதிந்து அவித்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா இரண்டு கேட்டார். காய்ச்சல் வாய்க்குக் காரமாக ஏதேனும் வேண்டுமாம். இரண்டுக்கு 'தோஸ்' என்று சொல்லியனுப்பினார். வழியெல்லாம் மனனம் செய்துகொண்டு போனேன். அண்டாவின் முன் நின்றதும் என் வாயில் வந்தது 'தோசெ'. நம் நாக்குக்குத் தோசை பழக்கம்! அது பன்னிரண்டு. அன்றைக்கு எல்லாரும் டசன் கணக்கில் வாங்குவதால் அந்த அம்மாளுக்கு ஐயமே எழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பையில் போடத் தொடங்கினார்.

மூன்றாவது விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'போதும்' என்று சொல்ல வேண்டும். கையையாவது ஆட்டியிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நிற்கின்றனர். தொண்டை அடைத்துக்கொண்டது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் ஓயாமல் பேசும் நான், ஐந்நூறு பெசோத் தாளை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்.

அந்த நிலையில்தான் அவன் நினைவு வந்தது. என் முதலாம் ஆண்டு வகுப்பு மாணவன். வீட்டில் ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்தவன். ஆண்டு முழுவதும் என்னிடம் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. அழிப்பான் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவான். "வாயைத் திறந்து தமிழில் கேள், தருகிறேன்" என்பேன். அவன் கையை இறக்கிக்கொண்டு அழிக்காமலே எழுதுவான். கேட்டல் பேச்சில் அடைவுநிலை 1 என்று பதிந்தேன். அறிக்கை அட்டை வாங்க வந்த அவன் தாயார், "வீட்டில் நன்றாகப் பேசுவான் டீச்சர்," என்றார். "வகுப்பில் பேச வேண்டுமே," என்று நான் சொன்னேன். அந்த அம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

புதுமொழியைக் கற்பவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு மௌனக் காலம் உண்டு, அப்போது வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது என்று ஸ்டீபன் கிராஷன் கூறியிருப்பதை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

வீட்டில் அக்கா காய்ச்சலை மறந்து சிரித்தார். நான்கு தமால்களை வீட்டுக்கார அம்மாளுக்குக் கொடுத்தோம். "ரொட்டியில் பொம்மை உனக்கா கிடைத்தது?" என்று அவர் கேட்டாராம். ஜனவரி 6ஆம் நாள் வெட்டும் வளைய ரொட்டிக்குள் சிறு பொம்மை ஒளித்திருக்கும். அது யாருக்கு வருகிறதோ அவர்தான் இந்த நாளில் மற்றவர்களுக்குத் தமால் தர வேண்டும். எஞ்சியதை மூன்று பேரும் இரண்டு நாள் சம்பல் தொட்டுத் தின்று தீர்த்தோம்.

அதற்கு மறுநாள் தொர்த்தியாக் கடையில், விரலை நீட்டாமல், "மேதியோ கீலோ" என்றேன். கடைக்காரம்மா தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். பாராட்டு ஏதும் கிடைக்கவில்லை என்று சற்று ஏமாற்றம்தான்!

பிப்ரவரி நடுவில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே அந்தத் தாயாருக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று நான் சொன்ன பதில் தவறு என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, "அவன் அன்றைக்கு அழுதான் டீச்சர்," என்றார். எனக்கு அது தெரியாது.

இரண்டாம் ஆண்டிலும் அவன் என் தமிழ் வகுப்பில்தான் இருந்தான். விரலைக் காட்டினால் "அழிப்பான்" என்று நான் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அவன் வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான். மே மாதம்வரை இப்படியே போயிற்று. ஒரு நாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "டீச்சர், தண்ணி குடிக்கப் போகலாமா?" என்று ஒரு குரல். திரும்பினேன். அவன்தான்.

'தண்ணீர்' என்று திருத்த வாய்வரை வந்தது. "போய் வா," என்றேன்.