முற்றத்து மலரும் முகத்து நிறமும்

பனிக்காலம் நீங்கிப் பங்குனி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களுக்குத் தனியழகு வந்துவிடுகின்றது. சித்திரையும் வைகாசியுமே இளவேனில் என்று நூலோர் வகுத்தனர். எங்கள் வீட்டு வேம்புக்கு அவ்வரையறை தெரியாது. பங்குனியிலேயே பூத்து, கூட்டக் கூட்ட முற்றமெங்கும் வெள்ளைப் பொடியாகச் சொரிகின்றது. கிணற்றடியிலே செவ்வரத்தை காலையில் விரிந்து மாலையில் சுருங்கும். அது சுருங்கும் வேளை பார்த்து மல்லிகை அவிழும். கல்லூரியில் பாடவேளை மாறும்பொழுதுகூட இத்தனை ஒழுங்கை யான் கண்டதில்லை.

பூவைக் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் உரியதாக எம் முன்னோர் கருதவில்லை. சித்திரைப் புத்தாண்டிலே கோயிலில் வாங்கிவந்து தலையில் வைத்து முழுகும் மருத்துநீரை எண்ணிப் பாருங்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, திப்பிலி எனத் தோட்டமும் அடுக்களையும் சேர்ந்து காய்ச்சப்படுவது அது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலரும் மேனியும் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு போலும்.

இதையெல்லாம் யான் எண்ணத் தொடங்கியது என் மகளின் பொருட்டே. அவளுக்கு வயது பதினைந்து. என் தாயாரின் நிறம். சென்ற ஆண்டு ஒரு கலியாண வீட்டில், "பிள்ளை நல்ல வடிவு, நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று உறவினர் ஒருவர் அவள் காதுபடவே கூறிவிட்டார். சில நாட்களின் பின் அவளது புத்தகங்களுக்கிடையே சிறு டப்பா ஒன்றைக் கண்டேன். ஏழு நாளில் வெண்மை என்று மேலே அச்சிட்டிருந்தது. செய்தவர் பெயரோ சேர்ந்த பொருள்களின் விவரமோ இல்லை.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அருகில் இருத்தி விடயத்தைச் சொன்னேன். வெளுக்கச் செய்யும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுவதுண்டு. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கும். தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். யப்பானில் மினமாட்டா என்னும் ஊர் பாதரச நஞ்சினால் பட்ட துன்பம் 1956இல் உலகுக்குத் தெரியவந்தது. அவ்வூரின் பெயரையே தாங்கி 2013இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பூச்சுக்களை 2020ஆம் ஆண்டுக்குப் பின் செய்யவும் ஏற்றுமதி இறக்குமதி செய்யவும் ஆகாதென விலக்கியது. விலக்கிய பின்னரும் இத்தகைய கிறீம்கள் பெயரற்ற டப்பாக்களில் உலவுகின்றன. வெயிலின் கொடுமையிலிருந்து உடம்பைக் காப்பதும் அந்த மெலனினே என்றேன். மகள் பேசாதிருந்தாள். டப்பாவை மட்டும் என் கையில் தந்தாள்.

அடுத்த ஞாயிறன்று என் தாயார் பயற்றமா இடிக்கும் வேலையைத் தொடங்கினார். இரண்டு சுண்டு பாசிப்பயறு கழுவி வெயிலில் காயவைத்தது; நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு பிடி; செவ்வரத்தை இதழ் இரண்டு பிடி; கஸ்தூரி மஞ்சள் ஒரு தேக்கரண்டி. இதழ்கள் கையில் நொறுங்குமளவுக்கு உலரவேண்டும். ஈரம் சிறிதிருந்தாலும் பூஞ்சணம் பிடித்து முழுவதும் பாழாகும். இடித்து, அரிதட்டில் இருமுறை அரித்து, ஈரமற்ற போத்தலில் இட்டோம். குளிக்கும் வேளையில் வேண்டிய அளவு எடுத்து நீரில் குழைத்துக்கொள்ளலாம். குழைத்ததை மறுநாளைக்கு வைத்திருத்தல் ஆகாது.

"அப்பா, இதைப் பூசினால் வெள்ளையாய் வருவேனோ?" என்று மகள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அழுக்குப் போகும், எண்ணெய் போகும், வேறொன்றும் போகாது" என்றேன். அப்பம்மாவும் பேத்தியும் சேர்ந்து சிரித்தனர்.

செய்து பார்க்க விரும்புவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்த பின்னரே முகத்துக்கு இடுக. இயற்கைப் பொருளென்றால் தீங்கில்லை என்பது வீண் நம்பிக்கை. வேலியிலே அழகாய்ப் பூத்து நிற்கும் அலரி, பூ முதல் வேர் வரை நஞ்சு. தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும்.

முற்றத்தில் சொரிந்த வேப்பம்பூவையும் என் தாயார் வீணாக்கவில்லை. உழுந்துடனும் செத்தல் மிளகாயுடனும் சேர்த்து வடகமாக்கிச் சுளகில் காயவைத்திருக்கின்றார். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவேன் என்று சென்ற ஆண்டு அப்பக்கமே வராதிருந்த மகள், இவ்வாண்டு கதைப்புத்தகத்துடன் முற்றத்தில் அமர்ந்து காகம் கலைக்கின்றாள்.