விறகில்லாத வெந்நீர்

வேலை விஷயமாக இரண்டு வாரம் பிரிஸ்டல் போக வேண்டியிருந்தது. நடுவில் ஒரு சனி ஞாயிறு சும்மா கிடந்தது. அங்கிருந்து பாத் நகரம் ரயிலில் கால் மணி நேரம்தான். எனக்குத் திட்டம் போடும் வியாதி உண்டு. உடனே எக்சலைத் திறந்துவிட்டேன்.

சனி காலை ரோமானியக் குளியலகம். அதைப் பார்க்கலாம், இறங்க முடியாது. குளிப்பதற்கு 2006-இல் திறந்த வேறொரு குளியலகம் இருக்கிறது. அந்த ஊற்றில் ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. குளிக்க வந்த இடத்தில் துணியையும் காசையும் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கச் சொல்லி சூலிஸ் மினர்வா தேவிக்கு எழுதிப் போட்டவை அவற்றில் நிறைய. தோட்டத்து முனியாண்டியிடம் முறையிடுவோமே, அதேதான். இதைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். அப்புறம் கேட்டார்:

"சுடுதண்ணில குளிக்கவா பாப்பா அவ்ளோ தூரம் போற? இங்க காடெக்ல இருக்கே."

"நீங்க போயிருக்கீங்களா பாட்டி?"

"எப்பப் போறது?"

பாட்டி புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். காடெக் அங்கிருந்து கூப்பிடு தூரம். நானும் துரியான் துங்கலில் நாலு வருஷம் பொறியியல் படித்தேன். பல தடவை மலாக்கா டவுனுக்குப் போனேன், காடெக்குக்கு ஒரு தடவைகூட இல்லை. பாத் 1987-இலும் மலாக்கா 2008-இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இரண்டையும் வெளிநாட்டுக்காரன் மாதிரியே பார்க்கப் பழகியிருந்தேன் போல.

விமானம் ஏறுவதற்கு முந்தின சனிக்கிழமை பாட்டிக்கென்று அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். "அன்னிக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டால், "அங்க என்ன வேலை இருக்கு?" என்கிறார். வேலை இல்லை, சும்மா இருக்கத்தான் போகிறோம் என்பதை அவருக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை. விடியுமுன் பெரட்டு, வெட்டு, பால் எடுப்பு. லீவு நாளென்றால் விறகு பொறுக்கணும், துணி துவைக்கணும், கோயிலுக்குப் போகணும். ஓய்வுநாள் என்ற சொல்லை நான் அவர் வாயில் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கே எழுந்து சோறு கட்டிவிட்டார். கூடவே ஒரு வாளி. எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்."

காடெக் தண்ணீரைப் பார்த்ததும், "அடியில யாரு விறகு வைக்கிறா?" என்றார். எரிமலை கிடையாது, மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகித் திரும்ப மேலே வருகிறது என்று விளக்கினேன். பாத்திலும் இதே கதைதான். அங்கே 46 டிகிரி, ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். பாட்டி காதில் எதுவும் ஏறின மாதிரி தெரியவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கி முட்டிவரை காலை விடச் சொன்னேன். ஆம்பிளைங்க இருக்காங்க என்று கணுக்கால் வரைதான் விட்டார். பத்து நிமிஷம் இருந்திருப்பார். கண்ணை மூடினார். எனக்கு உள்ளூர வெற்றிக் களிப்பு.

அப்புறம் எழுந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஓரமாகக் கொண்டுபோய், என் துண்டை முக்கிக் கசக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாட்டி, வீட்ல மெஷின் இருக்கு!"

"விறகு இல்லாம இவ்ளோ சுடுதண்ணி. வீணாவா போவுது? அந்த இன்னொரு துண்டையும் குடு."